ஏ ஸ்டாரும் தொண்ணூற்று நாலும்

துணிக்கடையில் மீட்டர் கோல் பிடிப்பவருக்கும் காய்கறிக் கடையில் தராசு பிடிப்பவருக்கும் எல்லாருக்கும் அளவை ஒன்றுதான். கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்தில் உட்காருகிறவருக்கோ, எதிரே வந்து அமர்கிற பிள்ளை எந்தப் பள்ளியிலிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் அளவுகோலையே கையில் எடுக்க வேண்டும்.

பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்பில் வைத்துக்கொண்டு வயிற்றில் நெருப்பையும் கட்டிக்கொண்டிருக்கும் அன்பர்களே, உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நீங்கள் படுகிற பாட்டை, இந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் பட்டிருக்கிறேன். கணக்காசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ராஜகீழ்ப்பாக்கத்தில் வீட்டோடு இருந்து, காலையில் பாசுரமும் மாலையில் வியாக்கியானமுமாக எஞ்சிய நாளைக் கழிக்கலாம் என்று எண்ணியிருந்தேன். தாம்பரத்துக்குக் கிழக்கே உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், சேர்க்கை நடக்கும் மாதங்களுக்கு மட்டும் மதிப்பெண் ஒப்பிடும் வேலைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். ஒப்புக்கொண்டேன்.

மாநிலப் பாடத்திட்டத்துப் பிள்ளை எண்ணோடு வருவான். மத்தியப் பாடத்திட்டத்துப் பிள்ளையும் எண்ணோடு வருவான். ஆனால் 'எங்கள் எண் கனமானது' என்பான். அயல்நாட்டுப் பாடத்திட்டத்துப் பிள்ளை எழுத்தோடு வருவான். நுழைவுத் தேர்வு எழுதியவன் ஏழு தசம இலக்கங்களோடு வருவான். இத்தனையையும் நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரே எண்ணாக்கி வரிசைப்படுத்த, நிர்வாகம் ஓர் ஒப்பீட்டு அட்டவணையைக் கொடுத்திருந்தது. அந்த வரிசையில் முதலில் நிற்கும் பிள்ளைக்குக் கணினிப் பிரிவில் நான்கு ஆண்டும் கட்டணமில்லாத இடம். ஒன்றே ஒன்று. என் கோபம் முழுவதும் அந்த ஓர் இடத்தைச் சுற்றித்தான்.

பஸ் நிற்கிற ஊர்

முதல் வாரமே கோவளத்திலிருந்து மரியக்கண்ணு என்ற அம்மையாரும் அவர் மகள் ரோஸ்லினும் வந்தார்கள். தாயார் விடியற்காலையில் கடற்கரை ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர். தந்தை படகில் விழுந்து இடுப்பொடிந்து படுக்கையில் இருக்கிறார். மகள் மாநிலப் பாடத்திட்டம். கணக்கில் தொண்ணூற்று நாலு, இயற்பியலில் தொண்ணூற்று மூன்று, வேதியியலில் தொண்ணூற்றொன்று. அரசுக் கலந்தாய்வில் இடம் கிடைக்கும்; ஆனால் கட்டணம் குறைந்த இடமெல்லாம் தொலைவில். அருகில் இருப்பவை இவர்கள் கைக்கு எட்டாதவை. இந்தக் கல்லூரியின் பேருந்து கோவளத்தில் நிற்கிறது. அந்தப் பெண் அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துத் துடைத்துப் படுக்க வைத்துவிட்டு அதில் ஏறலாம், மாலையில் இருட்டுவதற்குள் திரும்பலாம். அந்த ஓர் இடம் கிடைத்தால் மட்டும்.

ரோஸ்லின் மதிப்பெண் பட்டியலின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். தாயார்தான் சொன்னார்: "எங்கக்கா மவ நாவலூர்ல ஒரு ஐ.டி. டவர்ல தொடைக்கிற வேல செய்றா மேடம். இவ அதே டவர்ல கார்டு தேச்சிகினு முன்வாசல் வழியா போவணும்ன்றா. ஆசைப்பட்டா தப்பா?"

முன்னால் நிற்கும் ஏழு பேர்

சேலையூரிலிருந்து ஒரு தந்தை வந்தார். வங்கி உத்தியோகம். நுழைவுத் தேர்வில் மகனுக்குத் தொண்ணூற்று மூன்று பெர்சன்டைல். அறைக்குள் நுழையும்போதே அவர் மகனைத் திட்டிக்கொண்டு வந்தார். "மீதி ஏழு மார்க் எங்கடா போச்சு? சொல்லு, மேடம் முன்னாடி சொல்லு." பையன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டுக் கேட்டுச் சலித்தவன் முகம் அது.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, இது மதிப்பெண்ணே அல்ல. நூறு பேர் எழுதினால் தொண்ணூற்று மூன்று பேர் இவனோடு அல்லது இவனுக்குப் பின்னால், ஏழு பேர் முன்னால் என்று பொருள். இவன் ஒன்றையும் தொலைக்கவில்லை" என்று தாளில் கோடு போட்டு விளக்கினேன். கணக்குத் தெரிந்தவர்தான், உடனே பிடித்துக்கொண்டார். முகம் மலர்ந்தது. மகன் தோளில் கைகூடப் போட்டார். விளங்கிவிட்டது என்று நான் நிம்மதியாக மூச்சு விட்ட கணத்தில் குனிந்து கேட்டார்: "அந்த ஏழு பேர் எந்த கோச்சிங் சென்டர் மேடம்? அட்ரஸ் கிடைக்குமா?"

பெருமாளுக்கு ஹால் டிக்கெட்

அலுவலகத்தில்தான் இப்படி என்றால் கோயிலிலும் நிம்மதி இல்லை. எங்கள் பகுதிப் பெருமாள் கோயிலில் ஒரு சனிக்கிழமை அர்ச்சனைக்கு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் அடுத்த தெருக்காரர். பட்டர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். இவர் மகன் பெயரையும் திருவோணத்தையும் சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, நுழைவுத் தேர்வின் விண்ணப்ப எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாசிக்க ஆரம்பித்தார். பட்டர் துளசியைக் கையில் பிடித்தபடி திகைத்து நின்றார்.

"எறும்புக்கும் படியளக்கிறவனுக்கு உங்கள் பிள்ளையை அடையாளம் தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன். சந்நிதியில் குரலை உயர்த்தியது பிழைதான், ஆனாலும் உயர்ந்துவிட்டது. அவர் என்மேல் கோபப்படவில்லை. அறியாதவளுக்கு எடுத்துச் சொல்லும் பொறுமையோடு சொன்னார்: "ஒரே பேர்ல நிறைய பசங்க எழுதியிருக்காங்க டீச்சர். அவர் பாட்டுக்கு வேற பையனுக்கு அனுக்கிரகம் பண்ணிட்டா?"

பூஜ்யத்துக்கும் கீழே

முடிச்சூரில் ஆட்டோ ஓட்டும் ஒருவர் மகனை அழைத்து வந்தார். பள்ளியில் நல்ல மதிப்பெண். மருத்துவ நுழைவுத் தேர்வில் மட்டும், தவறான விடைகளுக்குக் கழித்துக் கழித்து, மொத்தமே மைனஸில் வந்து நின்றிருந்தது. எந்த நுழைவுத் தேர்வு எழுதியிருந்தாலும் பதிய வேண்டும் என்பதால் எங்கள் கணினியில் அதைப் பதிய முயன்றேன். பூஜ்யத்துக்குக் கீழ் ஓர் எண் இருக்க முடியாது என்று அது மறுத்துவிட்டது. இயந்திரத்துக்கு இருந்த கருணை என்று நினைத்துக்கொண்டேன். பெருமாள் அறியாமையை மன்னிப்பதாகத்தான் நான் வாசித்த அருளாளர் எல்லாரும் சொன்னார்கள். அறியாமல் முயன்றவனைக் கடன்காரனாக்கும் நியாயத்தை எந்த ஏட்டிலும் நான் கண்டதில்லை.

ஆட்டோக்காரர் திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னா மேடம், அநியாயமா கீது? பரீச்சைக்கே போவாம வூட்ல தூங்கினு இருந்தவன் பூஜ்யம். மாஞ்சி மாஞ்சி படிச்சிட்டுப் போன எம்புள்ள அவனுக்கும் கீழயா?"

ஒப்பிடாத பள்ளி

நாவலூரிலிருந்து ஒரு தம்பதியர் வந்தார்கள். இருவரும் மென்பொருள் நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருப்பவர்கள், பண்பாகப் பேசினார்கள். மகன் நிஷாந்த், அயல்நாட்டுப் பாடத்திட்டம். கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றிலும் ஏ ஸ்டார். "எண் இல்லையா?" என்று கேட்டேன். "இல்லை மேடம். தொண்ணூறுக்கு மேல எது எடுத்தாலும் ஏ ஸ்டார்தான்" என்றார் தாயார். "ஒரு மார்க், ரெண்டு மார்க்குக்காகப் பிள்ளைங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு."

உயர்ந்த எண்ணம். நெஞ்சாரப் பாராட்டினேன். மதிப்பெண் என்ற பேயிடமிருந்து ஒரு பள்ளியாவது குழந்தைகளைக் காத்திருக்கிறதே என்று மகிழ்ந்தேன். அட்டவணைப்படி ஏ ஸ்டார் என்றால் நூறு. ஆகவே மூன்று நூறுகளைப் பதிந்தேன். கட்டணமில்லாத இடத்துக்கும் விண்ணப்பம் கொடுத்தார்கள். "ஃபீஸ் எங்களுக்குப் பிரச்சனையே இல்லை, டாப்பர்னு ஒரு பேர் இருந்தா நல்லாருக்கும்" என்றார் தந்தை. எழுந்து போகும்போது அவரே கதவருகில் நின்று திரும்பினார்: "பசங்களை கம்பேர் பண்ணவே கூடாதுங்கிறதுதான் எங்க ஸ்கூல் பாலிசி மேடம். ஆமா, லிஸ்ட்ல இவனுக்கு மேல யாராவது இருக்காங்களா?"

தெரியாத மதிப்பெண்

இல்லை. அவனுக்கு மேல் யாரும் இல்லை, இருக்கவும் முடியாது. நூறுக்கு மேல் எண் ஏது? ரோஸ்லினோ வரிசையில் வெகு கீழே இருந்தாள். அவள் தொண்ணூற்று நாலு அட்டவணைக்குள் நுழைந்ததும் எண்பத்தொன்பதாகிவிட்டது. மாநிலப் பாடத்திட்டத்தில் தாராளமாகப் போடுகிறார்களாம். ஆகையால் பாடத்துக்கு ஐந்து கழிவு. தங்க நகைக்குச் சேதாரம் போல.

மரியக்கண்ணு விசாரிக்க வந்தபோது மறைக்க மனம் வரவில்லை. முதலில் நிற்கும் பிள்ளையைச் சொல்லி அட்டவணையை விளக்கினேன். அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அந்தப் புள்ள கணக்குல எத்தினி எடுத்துச்சி மேடம்?"

"தெரியாது அம்மா."

"அவங்க அப்பாவுக்கு?"

"அவருக்கும் தெரியாது. தொண்ணூற்றொன்றாகவும் இருக்கலாம், நூறாகவும் இருக்கலாம்."

மகள் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் உதறினார். "இருடீ. எனக்கு வெளங்கணும்." பிறகு என்னைப் பார்த்து, கூச்சலில்லாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "தெரியாத மார்க்குக்கு நூறு. தெரிஞ்ச மார்க்குல அஞ்சு வெட்டு. நல்லா கீது மேடம் உங்க காலேஜி."

மேலிருந்து வந்த அட்டவணை

அன்று இரவு பாசுரப் புத்தகத்தைப் பிரித்தேன். மூவுலகையும் அளந்த பெருமானைப் பற்றி நாள் தவறாமல் வாசிக்கிறவள் நான். அந்தத் திருவடி மேட்டுக்கு ஒரு விதம், பள்ளத்துக்கு ஒரு விதம் என்று நீளவோ குறுகவோ இல்லை. உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்று பாராமல் எல்லார் தலையிலும் ஒரே அடியாகத்தான் பட்டது. நாவலூருக்கும் கோவளத்துக்கும் நடுவே பேருந்தில் அரை மணிகூட ஆகாது. அதற்குள் அளவுகோல் எப்படி இவ்வளவு வளைந்தது?

மறுநாள் சேர்க்கை அதிகாரி பிரபாகரிடம் போனேன். நல்ல மனிதர், என்னை உட்கார வைத்து மோர் வரவழைத்தார். "எழுத்துக்கு உச்ச எண்ணைக் கொடுக்கிறீர்கள். எண்ணுக்குக் கழிவு வைக்கிறீர்கள். பெர்சன்டைல் என்றால் வரிசை. அதை விழுக்காடு என்று எண்ணிச் சேர்க்கிறீர்கள். முழத்தையும் ஆழாக்கையும் கூட்டினால் என்ன வரும்? இந்தக் கணக்கைப் போட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளையைக்கூட நான் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்" என்றேன். அவர் மறுக்கவே இல்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அதுதான் என்னை இன்னும் எரியவைத்தது. கேட்டு முடித்து, மெதுவாகச் சொன்னார்: "நீங்க சொல்றது சரிதான் மேடம். ஆனா இந்த டேபிள் சரியா இருக்கணும்னு மேல யாரும் கேட்கலையே. சீக்கிரம் முடிக்கணும்னுதானே கேட்டாங்க."

எல்லாரும் முதல்

மேலே யார் இருக்கிறாரோ அவரிடமே போவது என்று முடிவு செய்தேன். தாளாளர் வெள்ளிக்கிழமைகளில் வருவார். அறையில் சாம்பிராணி மணக்க, குங்குமப் பொட்டோடு உட்கார்ந்திருந்தார். அநியாயம் என்று நான் தொடங்கியதும் அவர் கண்கள் கைபேசிக்குப் போய்விட்டன. சட்டென்று வழியை மாற்றினேன். "ஐயா, எழுத்தை எண்ணாக்குவது எவராலும் ஆகாது, எண்ணை எழுத்தாக்கலாம். தொண்ணூறுக்கு மேல் ஏ ஸ்டார் என்று அந்தப் பள்ளியே சொல்கிறது. அப்படியானால் தொண்ணூறுக்கு மேல் எடுத்த எல்லாப் பிள்ளைகளுக்கும், கழிவு வைக்காமல், அதே ஏ ஸ்டாரைக் கொடுத்துவிடுங்கள். நுழைவுத் தேர்வை இதில் கலக்க வேண்டாம். எல்லாருக்கும் ஒரே கோல்" என்றேன்.

"அப்படிப் போட்டா எத்தனை பேர் மேல வருவாங்க?" என்று கேட்டார். பத்துப் பேருக்கு மேல் என்றேன். கைபேசி மேசைமேல் வந்தது. முகத்தில் ஓர் ஒளி. நீதியுணர்வு ஒருவரிடம் இப்படித்தான் உதிக்கும் போலும் என்று ஒரு கணம் நம்பி, உள்ளுக்குள் பெருமாளுக்கு நன்றிகூடச் சொல்லிவிட்டேன். அவர் பிரபாகரை உள்ளே அழைத்துச் சொன்னார்: "எல்லாரும் ஃபர்ஸ்ட்டுன்னா பேஷாப் போச்சே! ஜி.எஸ்.டி. ரோடு பேனர்ல ஒரு மூஞ்சிக்குப் பதிலா வரிசையாப் போடலாம்யா. மேடம் சொன்ன மாதிரியே மாத்திடு."

மூத்தவர்

ஆக, எல்லாரும் சமமானார்கள். ரோஸ்லினும் நிஷாந்தும் ஒரே வரியில் நின்றார்கள். ஆனால் இடம் ஒன்றுதானே? சமன் வந்தால் வயதில் மூத்தவருக்கு என்று அட்டவணையின் அடியில் ஒரு விதி ஏற்கெனவே இருந்தது; யாரும் இதற்கு முன் அதுவரை போனதில்லை. பிறந்த தேதிகளைப் பார்த்தோம். குடும்பக் கஷ்டத்தில் ரோஸ்லினைப் பள்ளியில் ஓராண்டு தாமதமாகச் சேர்த்திருந்தார்கள். அவள்தான் எல்லாரிலும் மூத்தவள்.

இடம் அவளுக்குக் கிடைத்தது. வென்றேன் என்று சொல்ல நாக் கூசுகிறது. அந்த வரியில் மடிப்பாக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். மத்தியப் பாடத்திட்டம், மூன்று பாடத்திலும் ரோஸ்லினைவிட அதிகம். அவளுடைய தொண்ணூற்றொன்பதையும் நான்தான் ஏ ஸ்டார் என்ற ஒரே போர்வைக்குள் போட்டு மூடினேன். வளைந்த கோலை நிமிர்த்த எனக்கு அதிகாரம் இல்லை. எல்லார் பக்கமும் ஒரே மாதிரி வளைக்கத்தான் முடிந்தது. அந்தப் பெண் கேட்க வரவில்லை. நாவலூர்த் தந்தை மட்டும் தொலைபேசியில் அழைத்து, பேனரில் மகன் படம் எத்தனையாவதாக வரும் என்று கேட்டார்.

மரியக்கண்ணுவும் ரோஸ்லினும் சேர்க்கைக் கடிதம் வாங்க வந்தார்கள். பெண் முதன்முறையாகச் சிரித்தாள். பல்வரிசை தெரியச் சிரித்தாள். பேருந்து எத்தனை மணிக்குக் கோவளம் வரும் என்பதைத்தான் முதலில் கேட்டாள். தாயார் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு, "எந்த மார்க்குல மேடம் குடுத்தாங்க?" என்றார். பொய் சொல்லப் பழகாத வாய், உள்ளதைச் சொன்னேன். மதிப்பெண் எல்லாருக்கும் சமம், வயதில் மூத்தவள் என்பதால் கிடைத்தது என்றேன். சிரிப்பதா சீறுவதா என்று அந்த அம்மையாருக்கே தெரியவில்லை.

"அப்ப பன்னண்டு வருசம் இவ கண்ணு முழிச்சிப் படிச்சதுக்கு இல்ல, நான் முன்னாடியே பெத்துப் போட்டதுக்கா? அப்டின்னா சீட்ட எம்பேர்ல போடு மேடம்!"

மூன்றே அடியில் உலகை அளந்து முடித்த பெருமானே எழுந்தருளினாலும், தாம்பரத்தில் ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையை அளக்கச் சொன்னால், தூக்கிய திருவடியை அந்தரத்திலேயே நிறுத்திக்கொண்டு, "குழந்தை எந்த போர்டு?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடியை வைக்க வேண்டியிருக்கும்.